டீசல் பிக்கப்புக்குப் புதுப் பற்றரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொக்குவிலில் வாகன வயரிங் வேலை செய்கிறவன் நான். மரக்கறி, மீன், கட்டடச் சாமான் ஏற்றுகிற பிக்கப்காரர்கள் வந்து கேட்கிற சந்தேகங்கள் வருசம் மாறினாலும் மாறுவதில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 தொடக்கத்தில் அது மெல்லத் திறக்கப்படும்வரை எல்லாரும் கையில் இருந்த ஹைலக்ஸையும் எல்200ஐயும் நவாராவையும்தான் இழுத்துப் பிடித்து ஓட்டினார்கள். பழைய வாகனத்தோடு பழைய வயரும் வரும். பழி மட்டும் பற்றரியில் விழும்.

ஒரே பதிலை ஆளுக்கொரு தடவை சொல்லி அலுத்துப்போய்த்தான் இதை எழுதினேன். கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். விலை எழுதவில்லை. டொலர் ஏற இறங்க அதுவும் மாறும்.

அண்ணை, காலமை ஸ்ராட் அடிக்க "டிக்" எண்டு ஒரு சத்தம் மட்டும் வருது. பற்றரி முடிஞ்சுதோ?

முடிந்திருக்கலாம். ஆனால் காசை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகுமுன் பொனற்றைத் திறந்து இரண்டு முனைகளையும் கையால் ஆட்டிப் பாருங்கள். கிளாம்ப் அசைந்தால், அல்லது வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால், கழற்றித் துப்புரவாக்கி இறுக்கிவிட்டு மறுபடி அடியுங்கள். இதோடு சரியாகிப் போன வாகனங்கள் எத்தனையோ.

அடுத்தது, ஹெட்லைற்றைப் போட்டுக்கொண்டு ஸ்ராட் அடியுங்கள். வெளிச்சம் அடியோடு மங்கினால் பற்றரி இறங்கியிருக்கிறது, அல்லது முனைத் தொடுப்பு பிழை. வெளிச்சம் அப்படியே நிற்க "டிக்" மட்டும் கேட்டால் பற்றரியை விடுங்கள், எஞ்சினைச் சுற்றுகிற ஸ்ராட்டரையும் அதற்குக் கரண்டைத் திறந்துவிடுகிற சுவிச்சான சொலினொயிட்டையும் பார்க்கவேண்டும். மற்றது ஏர்த் வயர். பற்றரியின் மைனஸிலிருந்து எஞ்சினுக்கும் வாகனப் பொடிக்கும் போகிற அந்தத் தடித்த வயர் வெளியே நல்லாயிருக்க, உறைக்குள்ளே பச்சை பிடித்து உக்கிப்போயிருக்கும். காரைநகர், புங்குடுதீவு, குருநகர் என்று உப்புக்காற்று அடிக்கிற கடற்கரைப் பக்கத்து வாகனங்களில் முதலில் நான் தொட்டுப் பார்ப்பது அதைத்தான்.

சின்ன மீற்றர் ஒண்டு கிடக்கு. அதால பற்றரியைப் பாக்கலாமோ?

தாராளமாக. இரவு முழுக்க நின்ற வாகனத்தில், திறப்பைப் போடுமுன் அளவுங்கள். 12.6 வோல்ற்றுக்கு மேலே என்றால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் அரை, 12.0 என்றால் கால்வாசி. 11.8க்கு வந்துவிட்டால் அநேகமாக வெறுமைதான். ஓடிவந்து நிறுத்திய கையோடு அளந்தால் பொய்க்கணக்கு வரும்.

அப்புறம் ஒரு ஆளை ஸ்ராட் அடிக்கச் சொல்லிவிட்டு மீற்றரைப் பாருங்கள். நிறைந்த பற்றரி ஸ்ராட்டர் சுற்றும்போது 9.6 வோல்ற்றுக்குக் கீழே விழக்கூடாது. காலையில் 12.6 காட்டிவிட்டு ஸ்ராட் அடிக்கும்போது 7க்கோ 8க்கோ விழுந்தால் உள்ளே இருக்கிற ஈயத் தகடு போய்விட்டது, பற்றரியை மாற்றத்தான் வேண்டும். எஞ்சின் ஓடும்போது 13.8இலிருந்து 14.5 வரை காட்டவேண்டும். 13க்குப் பக்கத்தில் நின்றால், எஞ்சினோடு சுற்றிப் பற்றரியைச் சார்ஜ் பண்ணுகிற ஒல்ரனேற்றரோ அதன் பெல்ற்றோ பிழை. 15ஐத் தாண்டினால் அது பற்றரியை அவித்துக்கொண்டிருக்கிறது. புதிய வாகனங்கள் சிலவற்றில் கம்பியூட்டரே சார்ஜைக் கூட்டிக் குறைக்கும். அவற்றில் ஒருமுறை அளந்துவிட்டு முடிவுக்கு வரவேண்டாம்.

ஏர்த் வயரையும் இதே மீற்றரால் பிடிக்கலாம். ஒரு முனையைப் பற்றரி மைனஸிலும் மற்றதை எஞ்சின் இரும்பிலும் வைத்து ஸ்ராட் அடியுங்கள். அரை வோல்ற்றுக்கு மேலே காட்டினால் வயரை மாற்றுங்கள். பற்றரிக்குக் கொடுக்க வைத்த காசு அப்படியே மிச்சம்.

ஒரு பற்றரி எத்தினை வருசம் ஓடவேணும்?

என் கண்ணுக்கு முன்னால் ஓடுகிற கணக்கைச் சொன்னால், யாழ்ப்பாணத்தில் இரண்டரை மூன்று வருசம் ஓடினால் பற்றரி தன் கடமையைச் செய்தது. நாலு வருசம் ஓடினால் வைத்திருந்தவர் கவனமான ஆள். குளிர் நாட்டில் இதைவிடக் கூட ஓடும்.

காரணம் சூடு. பற்றரிக்குள் நடக்கிற அரிப்பு, வெப்பம் 10 பாகை ஏறினால் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. சித்திரை வெயிலில் ஏ9 வீதியால் பாரத்தோடு வந்து நிறுத்திய பிக்கப்பின் பொனற்றுக்குள் கை வைத்துப் பாருங்கள், விளங்கும். கிறவல் ஒழுங்கையில் குலுங்குவது அடுத்த எதிரி. பற்றரியைப் பிடிக்கிற இரும்புப் பட்டி தொலைந்துபோய், சைக்கிள் ரியூப்பால் கட்டி ஓடுகிற வாகனங்களை வாரம் ஒன்றாவது பார்க்கிறேன். குலுங்கக் குலுங்கத் தகட்டில் பூசிய மருந்து உதிர்ந்து அடியில் சேர்ந்து, ஒரு நாள் செல் உள்ளுக்குள்ளேயே சோட் ஆகிவிடும்.

பற்றரியில 95டி31ஆர் எண்டு எழுதிக் கிடக்கு. 95 அம்பியரோ?

இல்லை. இது ஜப்பான் முறைக் குறியீடு. 95 என்பது அந்தப் பற்றரியின் வலுவைக் காட்டுகிற தர எண், கொள்ளளவு அல்ல. 95டி31 ஒன்றின் கொள்ளளவு, 20 மணி நேரக் கணக்கில், 80 அம்பியர் மணியை ஒட்டி இருக்கும். டி என்பது பெட்டியின் அகல உயர வகுப்பு. 31 என்பது நீளம், சென்ரிமீற்றரில். கடைசியில் வருகிற ஆர் அல்லது எல் முனைகள் எந்தப் பக்கம் என்று சொல்லும். அது தனிக் கதை, கீழே வருகிறது.

ஆகவே 80டி26ம் 95டி31ம் வெறும் வலு வித்தியாசம் அல்ல. ஒன்று 26 சென்ரிமீற்றர், மற்றது 31. பற்றரி இருக்கிற தட்டை அளக்காமல் எண்ணைப் பார்த்து வாங்கினால் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு நாள் வேலை கெடும்.

என்70 எண்டு கேட்டு வாங்கினன். கொண்டுவந்து வைச்சா சின்னனாக் கிடக்கு, தட்டில ஆடுது. கடைக்காரர் ஏமாத்திப்போட்டாரோ?

ஏமாற்றியிருக்கமாட்டார், காதில் பிழையாக விழுந்திருக்கும். என்70 வேறு, என்எஸ்70 வேறு. இரண்டும் பழைய ஜப்பான் பெயர்கள். என்70 என்பது 31 சென்ரிமீற்றர் நீளப் பெட்டி, என்எஸ்70 என்பது 26. நடுவில் இருக்கிற அந்த எஸ் சிறியது என்பதற்காக. ரெலிபோனில் சொல்லி எடுப்பிக்கும்போது இது அடிக்கடி நடக்கும். பெயரோடு நீளத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். பழைய பற்றரியை லேபல் தெரிய ஒரு படம் எடுத்து அனுப்பினால் இன்னும் நல்லது.

எல், ஆர் எண்டால் இடது வலது தானே? எனக்கு வலப்பக்கம் பிளஸ், அப்ப ஆர் தானே வாங்கவேணும்?

இதில்தான் கராஜ் பொடியன்களே தடுமாறுவார்கள். பற்றரியை முனைகள் உங்கள் பக்கமாக வரும்படி வையுங்கள். மைனஸ் முனை இடது கைப் பக்கம் இருந்தால் எல். வலது கைப் பக்கம் இருந்தால் ஆர். எழுத்து மைனஸைப் பார்த்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வலப்பக்கம் பிளஸ் என்றால், மைனஸ் இடப்பக்கம், வேண்டியது எல்.

மாறி வாங்கினால் வயர் எட்டாது. எட்டாத வயரை இழுத்துப் பூட்டுகிற ஆளும் இருக்கிறார், பற்றரியைத் திருப்பி வைத்து பிளஸை பொனற்றுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிற ஆளும் இருக்கிறார். இரண்டும் கூடாது. தெரியாமல் பிளஸில் மைனஸைக் கொடுத்தால் ஒல்ரனேற்றரின் டையோட்டுகள் அந்த நொடியே போகும். கம்பியூட்டரால் டீசல் அடிக்கிற கொமன் ரெயில் வாகனம் என்றால் அந்தக் கம்பியூட்டரும் கூடப் போகலாம். முனையின் தடிப்பையும் பாருங்கள்: பிளஸ் எப்போதும் மைனஸைவிட ஒரு சொட்டு மொத்தமாக இருக்கும். கிளாம்ப் தளர்வாகவோ இறுக்கமாகவோ வந்தால் உடனே நில்லுங்கள்.

தட்டில இடம் கிடக்கு. பெரிசாப் போட்டா ஒல்ரனேற்றருக்குப் பாரமாகாதோ?

ஆகாது. இது நெடுநாள் பயம். ஸ்ராட் அடிக்க எடுத்ததைத்தான் ஒல்ரனேற்றர் திருப்பிக் கொடுக்கிறது. பற்றரி பெரிதானதால் ஸ்ராட்டர் கூட எடுக்கப்போவதில்லை. தட்டில் இருந்து, பட்டி பிடித்து, பொனற்றை மூடும்போது முனைக்கும் இரும்புக்கும் நடுவில் தாராள இடைவெளி இருந்தால் ஒரு அளவு பெரிதாகப் போடலாம். பொனற்றை மூடுமுன் பிளஸ் முனையில் ஒரு உருண்டை களிமண்ணை வைத்து மூடித் திறந்து பாருங்கள், நசுங்கினால் உயரம் கூட.

சிறிதாக மட்டும் போடவேண்டாம். டீசல் எஞ்சினின் அமுக்க விகிதம் பெற்றோலைவிடக் கூட, 16இலிருந்து 22 மடங்கு வரை. அதைச் சுற்ற 2 கிலோவாற் அளவில் ஸ்ராட்டர் வேண்டும், அதாவது சுற்றும்போது 200 அம்பியருக்கு மேலே. ஸ்ராட்டுக்கு முன் எஞ்சினைச் சூடாக்குகிற குளோ பிளக் எடுப்பது தனி. காருக்குப் போடுகிற சின்னப் பற்றரி இரண்டு மாதம் தள்ளும், பிறகு நடுவழியில் விடும்.

கனடாவில இருக்கிற மச்சான் சிசிஏ 1000 இருக்கவேணும் எண்டு நிக்கிறார். இங்க கடையில அப்பிடி ஒண்டும் இல்லையே?

மச்சான் அவர் ஊருக்குச் சரியாகச் சொல்கிறார். சிசிஏ என்பது மைனஸ் 18 பாகைக் குளிரில், 30 செக்கனுக்கு, 7.2 வோல்ற்றுக்குக் கீழே விழாமல் பற்றரி எத்தனை அம்பியர் கொடுக்கும் என்கிற கணக்கு. அங்கே பனிக் காலையில் எண்ணெய் கூழாகிவிடும், பற்றரியின் பலமும் பாதியாகிவிடும். பெரிய டீசல் பிக்கப்புகளுக்கு இரண்டு பற்றரி போடுவதும் அதனால்தான். எங்களுக்கு மார்கழி விடியலில்கூட 20 பாகைக்குக் கீழே போவது அரிது.

அதற்காக அந்த எண்ணை அலட்சியம் பண்ணச் சொல்லவில்லை. ஒரே அளவுப் பற்றரி இரண்டில் எது ஸ்ராட்டருக்குக் கூடக் கரண்ட் தரும் என்று ஒப்பிட அது உதவும். 2.5 லீற்றர், 3 லீற்றர் டீசலுக்கு 600ஐ ஒட்டி இருந்தால் இங்கே போதும். அதற்கு மேலே கொடுக்கிற காசை நல்ல உத்தரவாதத்துக்குக் கொடுங்கள். சில பற்றரிகளில் சிசிஏயைக் கூட்டுவதற்குத் தகட்டை மெல்லிசாக்கி எண்ணிக்கையைக் கூட்டுவார்கள். மெல்லிய தகடு எங்கள் சூட்டுக்கும் குலுக்கத்துக்கும் சீக்கிரம் போகும்.

எந்தக் கொம்பனி நல்லது?

எக்சைட், லூக்காஸ், அமரோன் என்று கடையில் இருக்கிற பெயர்களுக்குள் சண்டை பிடிப்பதைவிட, எடுக்கப்போகிற அந்தப் பற்றரி எப்போது செய்யப்பட்டது என்று கேளுங்கள். கடையில் சும்மா இருந்தாலும் பற்றரி தானாக இறங்கும். இறங்கியே கிடந்தால் தகட்டில் சல்பேற் படிந்து கல்லாகும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் முழுதாக வராது. செய்து மூன்று நாலு மாதத்துக்குள் உள்ளதை எடுங்கள், ஆறு மாதம் தாண்டியதை நான் எடுப்பதில்லை.

பட்டதால் சொல்கிறேன். நகரத்தில் ஒரு கடையில் விலை குறைத்துத் தருகிறார் என்று ஒன்றை வாங்கி என் சொந்த வாகனத்துக்குப் போட்டேன். பத்து மாதத்தில் போய்விட்டது. பிறகுதான் பெட்டியில் குத்தியிருந்த திகதியைப் பார்த்தேன், நான் வாங்கும்போதே அதற்கு ஒரு வயது தாண்டியிருந்தது. வாங்குகிற நேரமே கடைக்காரரின் மீற்றரால் அளக்கச் சொல்லுங்கள். 12.5க்குக் கீழே காட்டினால் வேறொன்று கேளுங்கள். உத்தரவாத அட்டையில் திகதியும் வாகன இலக்கமும் எழுதி முத்திரை குத்தாமல் கடையை விட்டு இறங்கவேண்டாம். வாடகைக்கு ஓடுகிற வாகனம் என்றால் உத்தரவாதம் குறையுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

தண்ணி விடுறது நல்லதோ, மூடிக் கிடக்கிற மெயின்ரனன்ஸ் ஃப்ரீ நல்லதோ?

மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து பார்க்கிற ஆள் நீங்கள் என்றால் தண்ணீர் விடுகிறது. எங்கள் சூட்டுக்குத் தண்ணீர் வற்றத்தான் செய்யும், வற்றியதை நிரப்ப வழி இருப்பது பெரிய வசதி. பொனற்றைத் திறப்பதே சேர்விசுக்கு மட்டும் என்றால் மூடியதை எடுங்கள். அதில் கல்சியம் கலந்த தகடு, தண்ணீர் வற்றுவது குறைவு. ஆனால் ஒல்ரனேற்றர் 15 வோல்ற் அடிக்கிற வாகனத்தில் அது வற்றினால் மீட்க வழியே இல்லை.

டிஸ்டில்ட் வோட்டர் முடிஞ்சுது. கிணத்துத் தண்ணி கொதிக்கவைச்சு ஆறவிட்டு ஊத்தலாமோ?

கூடவே கூடாது. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் ஊறி வருவது. உங்கள் கேத்திலின் உள்ளடியைப் பாருங்கள், அந்த வெள்ளைப் படிவுதான் தகட்டிலும் போய் உட்காரும். கொதிக்கவைத்தால் தண்ணீர் ஆவியாகும், உப்பு அப்படியே மிஞ்சும், சவர்க் கிணறு என்றால் குளோரைட்டும் சேர்ந்து தகட்டை அரிக்கும். போத்தல் குடிதண்ணீரும் ஆகாது, அதிலும் தாதுப்பு உண்டு.

பற்றரித் தண்ணீர் போத்தல் ஒன்றை வாகனத்திலேயே வைத்திருங்கள். தகடு மூடி அதற்கு மேலே ஒரு சென்ரிமீற்றர் அளவு நின்றால் போதும். விளிம்புவரை நிரப்பினால் சார்ஜ் ஆகும்போது அசிற் பொங்கி வெளியே வழியும், முனை பூப்பதற்கு அது ஒரு காரணம். பற்றரி இறங்கிவிட்டது என்று அசிற் வாங்கி ஊற்றுகிறவர்களும் உண்டு. வற்றுவது தண்ணீர் மட்டும்தான், அசிற் உள்ளேயே இருக்கிறது. கூட ஊற்றினால் தகடு எரியும்.

என்ர வாகனத்தில ரெண்டு பற்றரி. ஒண்டுதான் பழுது. ஒண்டை மட்டும் மாத்தினா என்ன?

முதலில் அவை எப்படிப் பூட்டியிருக்கின்றன என்று பாருங்கள். பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்ந்திருந்தால் சமாந்தரம்: 12 வோல்ற்தான், கொள்ளளவு மட்டும் இரட்டிப்பு. ஒன்றின் பிளஸ் மற்றதின் மைனஸுக்குப் போனால் தொடர்: 24 வோல்ற், லொறியில் இருப்பதுபோல. ஜப்பானிலிருந்து வந்த சில பழைய லாண்ட் குரூசர்களில் வெளிச்சம் 12 வோல்ற்றிலும் ஸ்ராட்டர் 24 வோல்ற்றிலும் ஓடும். நடுவில் ஒரு சுவிச்சுப் பெட்டி இருக்கும். தெரியாமல் அதில் கை வைக்கவேண்டாம்.

எந்த விதமானாலும் இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள், ஒரே கொம்பனி, ஒரே அளவு, ஒரே மாதத்தில் செய்தது. சமாந்தரத்தில் கிழவன் குமரனை உறிஞ்சிக்கொண்டே இருப்பான், இரவில் வாகனம் நிற்கும்போதும். தொடரில் இன்னும் மோசம். புதியது நிறைந்தபின்பும் பழையது கேட்டுக்கொண்டே இருக்கும், புதியது அவிந்துபோகும். இரண்டு வாங்கக் காசு இல்லை, வாகனம் சமாந்தரம் என்றால், பழுதானதைக் கழற்றிவிட்டு நல்லது ஒன்றோடு கொஞ்ச நாள் ஓடுங்கள். எங்கள் சூட்டில் ஒன்றே ஸ்ராட் எடுக்கும். கழற்றிய வயர்முனையை மட்டும் நன்றாகச் சுற்றி மூடிவிடுங்கள்.

நடுவழியில நிண்டுபோனன். பக்கத்தில லொறிதான் நிண்டது. அதில இருந்து வயர் குடுக்கலாமோ?

லொறி 24 வோல்ற் என்று மேலே சொன்னேன். நேரே கொடுத்தால் உங்கள் பிக்கப்பின் மின்சாமான் ஒன்றும் மிஞ்சாது. வேறு வழியே இல்லை என்றால் லொறியின் எஞ்சினை நிறுத்திவிட்டு, அதன் இரண்டு பற்றரியில் எதன் மைனஸ் சசிக்குப் போகிறதோ அந்த ஒன்றிலிருந்து மட்டும் எடுக்கலாம். அதுவும் தெரிந்த ஆள் பக்கத்தில் இருந்தால்.

12 வோல்ற் வாகனம் கிடைத்தால் முதலில் பிளஸுக்குப் பிளஸ். பிறகு நல்ல பற்றரியின் மைனஸ். கடைசி முனையை உங்கள் பற்றரி மைனஸில் கொடுக்காமல் எஞ்சின் இரும்பில் தள்ளிக் கொடுங்கள். கடைசித் தொடுப்பில் பொறி பறக்கும், பற்றரிக்கு மேலே ஐதரசன் வாயு நிற்கும். பற்றரி வெடித்த முகத்தை ஒருதரம் பார்த்தால் போதும்.

தள்ளி ஸ்ராட் பண்ண ஏலாதோ? முந்தி எல்லாம் அப்பிடித்தானே எடுத்தனாங்கள்.

பழைய இயந்திரப் பம்ப் டீசல் தள்ளினால் வரும். ஆனாலும் எண்ணெயைத் திறக்கிற சொலினொயிட்டுக்குக் கொஞ்சமாவது கரண்ட் வேண்டும், பற்றரி ஒரேயடியாகச் செத்திருந்தால் அதுவும் வராது. கொமன் ரெயில் வாகனத்தில் கம்பியூட்டர் விழித்திருந்தால்தான் இன்ஜெக்ரர் திறக்கும். ஊரே சேர்ந்து தள்ளினாலும் வேர்வைதான் மிச்சம். ஓட்டோ கியர் என்றால் கேட்கவே வேண்டாம்.

கோயில் திருவிழாவுக்கு வாகனத்தில சவுண்ட் கட்டி ஓடுறனாங்கள். வருசத்துக்கு ஒரு பற்றரி போகுது, ஏன்?

ஸ்ராட் பற்றரி ஓட்டப்பந்தயக்காரன் மாதிரி. சில செக்கனுக்கு முழுப் பலத்தையும் கொடுத்துவிட்டு உடனே நிரம்பவேண்டும். 500 வாற் அம்பிளிபையர் 12 வோல்ற்றில் 42 அம்பியர் இழுக்கும். எஞ்சினை நிறுத்திவிட்டு ஓடவிட்டால் 80 அம்பியர் மணிப் பற்றரி ஒரு மணித்தியாலத்துக்குள் அரைவாசிக்கு வந்துவிடும். அதையும் தாண்டி அடிமட்டம்வரை இறக்கி ஏற்றினால் சில டசின் தடவையிலேயே அதன் ஆயுள் முடிந்துவிடும்.

தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட சனம் நாங்கள். பற்றரியைக் கடைசிச் சொட்டுவரை பிழிகிற பழக்கம் கையில் ஊறிவிட்டது. சவுண்டுக்குத் தனியாக, ஆழமாக இறக்கி ஏற்றத் தாங்குகிற டீப் சைக்கிள் பற்றரி ஒன்றை வையுங்கள். எஞ்சின் ஓடும்போது மட்டும் இரண்டையும் இணைக்கிற ரிலே ஒன்றைப் போட்டுவிட்டால் விடிய ஸ்ராட் எடுக்கும்.

அப்ப வீட்டு இன்வேட்டருக்கு வைச்சிருந்த பெரிய பற்றரியை பிக்கப்புக்குப் போட்டா?

அது நேர் எதிர். இன்வேட்டரின் ரியூபுலர் பற்றரி மாரதன்காரன்: மெல்ல மெல்ல நெடுநேரம் கொடுக்கும், ஒரே இழுவையில் 200 அம்பியரை அதனிடம் கேட்கமுடியாது. உயரமும் கூட, பொனற் மூடாது.

புதுப் பற்றரி போட்டு ஆறு மாசம். ரெண்டு நாள் ஓடாமல் விட்டா ஸ்ராட் இல்லை. கடைக்காரர் பற்றரி நல்லம் எண்டுறார்.

அவர் சொல்வது உண்மையாக இருக்கலாம். ஒல்ரனேற்றரை மேலே சொன்னபடி அளந்து அது சரி என்றால், நிற்கிற வாகனத்தில் ஏதோ கரண்டைக் குடிக்கிறது. மீற்றரை அம்பியருக்கு மாற்றி, மைனஸ் வயரைக் கழற்றி, வயருக்கும் முனைக்கும் நடுவில் மீற்றரைத் தொடராகக் கொடுங்கள். கதவெல்லாம் மூடிப் பூட்டி அரை மணித்தியாலம் பொறுங்கள், கம்பியூட்டர் தூங்கவேண்டும். மீற்றர் மாட்டியிருக்கும்போது ஸ்ராட் அடிக்கவேண்டாம், அது எரிந்துபோகும்.

50 மில்லி அம்பியருக்குள் நின்றால் சரி. அதுவே ஒரு நாளைக்கு 1.2 அம்பியர் மணி, 80 அம்பியர் மணிப் பற்றரி ஒரு மாதத்தில் அரைவாசி ஆகும். 2022இல் டீசல் இல்லாமல் மாதக்கணக்கில் முற்றத்தில் நின்ற வாகனங்களின் பற்றரி எல்லாம் வரிசையாகச் செத்தது இப்படித்தான். 300, 400 என்று காட்டினால் பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள், எதைக் கழற்ற எண் விழுகிறதோ அந்த வழியில் கள்ளன் இருக்கிறான். அநேகமாகப் பிறகு பூட்டிய சாமான்தான்: ஜிபிஎஸ், அலாரம், ரேடியோ செற், திறப்பைப் போடாமலே எரிகிற மேலதிக லைற்.

கழற்றேக்க எதை முதல் கழற்றுறது?

மைனஸ். பூட்டும்போது மைனஸ் கடைசி. பிளஸை முதலில் கழற்றும்போது நட்டுத் திருகுகிற சாவி வாகனப் பொடியில் முட்டினால் முழு பற்றரியும் அந்தச் சாவிக்குள்ளால் பாயும். மைனஸ் கழன்றிருந்தால் முட்டினாலும் ஒன்றும் இல்லை. மோதிரத்தையும் கைச்சங்கிலியையும் கழற்றிவிடுங்கள். முனை பூத்திருந்தால் சுடுதண்ணீரில் அப்பச்சோடா கரைத்து ஊற்றிக் கழுவி, காயவைத்து, பூட்டியபிறகு மேலே கொஞ்சம் வஸ்லீன். செல் மூடிக்குள் அந்தத் தண்ணீர் போகக்கூடாது.

புது மொடல் வாகனம். ஏஜிஎம்தான் போடவேணும் எண்டு சொல்லுறாங்கள், விலை கேட்டால் தலை சுத்துது. சாதாரணத்தைப் போட்டால்?

சிக்னலில் எஞ்சின் தானாக நின்று தானாக எடுக்கிற வாகனத்தில் ஏஜிஎம் (அசிற்றைக் கண்ணாடி நார்ப் பாயில் ஊறவைத்து மூடிய பற்றரி) அல்லது ஈஎஃப்பி (சாதாரணத்தைப் பலப்படுத்திய வகை) போட்டு வந்திருந்தால் அதே வகையைத்தான் போடவேண்டும். சாதாரணமானது அந்த வேலைக்குத் தாங்காது. மைனஸ் முனையில் சின்னதாக ஒரு சென்சர் பூட்டியிருந்தால், புதுப் பற்றரி போட்டதைக் கம்பியூட்டருக்குச் சொல்லிக்கொடுக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் பழைய கிழவன் என்று நினைத்தே அது சார்ஜ் ஏற்றும். சாதாரணம் போட்டு வந்த வாகனத்துக்கு ஏஜிஎம் தேவையில்லை. எஞ்சினுக்குப் பக்கத்தில் இருக்கிற தட்டில் எங்கள் சூட்டுக்கு அது காசுக்கேற்ற ஆயுள் தருவதாகவும் நான் காணவில்லை.

பழைய பற்றரியை என்ன செய்யிறது? வலைக்கு ஈயக்குண்டு வார்க்கலாம் எண்டு வீட்டில கேக்கினம்.

புதியது வாங்குகிற கடையில் கொடுங்கள், விலையில் கழிப்பார்கள். ஒரு பிக்கப் பற்றரியின் பாரத்தில் பாதிக்கு மேலே ஈயம், அதற்கு எப்போதும் விலை உண்டு. கழிக்காத கடை என்றால் பழையதை விட்டுவிட்டு வராதீர்கள்.

வீட்டில் உருக்குவதை மட்டும் விடுங்கள். ஈயம் 327 பாகையில் உருகிவிடும், விறகடுப்பே போதும், அதனால்தான் ஆட்கள் துணிகிறார்கள். அந்தப் புகையும் தூசியும் முற்றத்து மண்ணில் படிந்து, மண்ணில் விளையாடுகிற பிள்ளைகளின் வாய்க்குப் போகும். ஈயம் அவர்களின் மூளை வளர்ச்சியைத்தான் முதலில் பிடிக்கும். ஊற்றிவிட்ட அசிற் எங்கே போகும் என்று கேட்டால், சுண்ணாம்புக் கல் வெடிப்புக்குள்ளால் இறங்கி உங்கள் கிணற்றுப் பக்கம்தான். ஈயக்குண்டு கடையில் நிறைக்கு விற்கிறார்கள், அங்கே வாங்குங்கள்.